நாலு ஓட்டை போட மறுத்த தாய்மாமன்

புது வண்டி வாங்கியவனிடம் யாரும் புத்தியை எதிர்பார்க்கக் கூடாது. முதல் சர்வீஸ் முடியும் வரைக்குமாவது எதிர்பார்க்கக் கூடாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். வெள்ளை நிறம், முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. கீழ்வேளூர் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறது. சொந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போகலாம், மற்ற நாளில் வாடகைக்கு ஓட்டலாம் என்பது திட்டம். லோடு ஏற்றத்தான் வாங்கினேன். வாங்கிய பிறகு அதில் லோடு ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

தொட்டியில் கீறல் விழுந்துவிடுமே. (சிரிக்காதீர்கள். புது செல்போன் மேல் ஒட்டியிருந்த தாளை நீங்கள் எத்தனை மாதம் கழித்து உரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.) தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே தொட்டியை எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் காக்கை ஒன்று அதில் நடந்துவிட்டுப் போனதைப் பார்த்து, கால் நகத் தடம் இருக்கிறதா என்று உள்ளே படுத்துத் தேடினேன். என் மனைவி சுமதி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

"லோடு வண்டில கீறல் விழாம பின்ன பீரோலயா விழும்?" என்றாள்.

"தொட்டிக்கு லைனர்னு ஒண்ணு இருக்கு. அதப் போட்டா கீறாது" என்றேன்.

"நாலு சாக்க விரிச்சுப் போட்டா முடிஞ்சுது. அதுக்கு எதுக்கு இம்புட்டு ஆராய்ச்சி?"

சாக்காம் சாக்கு. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? நான் மூன்று வாரம் ராத்திரியும் பகலும் போனில் லைனர் வீடியோ பார்த்தேன். ஏதோ ஒரு நாட்டில் தாடி வைத்த ஆட்கள் வண்டித் தொட்டியில் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டு, பிறகு தடவிப் பார்த்துப் புன்னகைப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பாதி புரியாது. ஆனாலும் தலையாட்டிக்கொண்டே ஒரு நாற்பது பக்க நோட்டில் குறிப்பெடுத்தேன். ரப்பர் பாய், அலுமினியத் தகடு, பிளைவுட், கெட்டிப் பிளாஸ்டிக், மேலே தெளித்துக் காயவைக்கிற கருப்புப் பூச்சு. பூச்சை மட்டும் முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். என் வெள்ளைத் தொட்டியை ஒருத்தன் தார் ரோடு மாதிரி ஆக்குவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

நாகப்பட்டினத்தில் மீன் வண்டிகளுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் ஜமால் பாய், வளைகுடாவில் பத்து வருஷம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் நோட்டைப் பிரித்து, மடியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்ததும் அவருக்கு லேசாக முகம் மாறியது.

"அது எதுக்கு தம்பி?"

"டெஸ்ட் பண்றதுக்கு பாய்."

ஒவ்வொரு லைனரின் மேலும் தோள் உயரத்திலிருந்து தேங்காயைப் போட்டுப் பார்ப்பது என் பரிசோதனை. ரப்பரில் போட்டேன். தேங்காய் எகிறி அடுத்த கடையின் வளையல் ஸ்டாண்டுக்குள் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு வாங்கிவந்து அலுமினியத்தில் போட்டேன். எதிர்த்த டீக்கடையில் ஒருவர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். பிளைவுட்டில் தேங்காய் உடைந்து, தண்ணீர் முழுவதையும் பலகை குடித்துவிட்டது. உடைந்த மூடியைத்தான் கடைசியாகக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் போட்டேன். அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து என் காலடியில் நின்றது. பிளாஸ்டிக்கில் ஒரு சிராய்ப்பு இல்லை. நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.

"இது மீன் வண்டிக்காரங்க போடுறது" என்றார் பாய். "நாலு பக்கமும் ஒரு அடிக்கு எழுப்பியிருக்கு பாருங்க. ஐஸ் தண்ணி ஒரு சொட்டு கீழ எறங்காது. நெல்லு மூட்டைன்னா ஒத்தக் கையால தள்ளலாம், அப்புடி வழுக்கும். ஆனா ஒண்ணு. மேல வழுக்குற மாதிரியேதான் அடியிலயும் வழுக்கும். தொட்டில நாலு ஓட்டை போட்டு போல்ட்டு வச்சு இறுக்கிடணும்."

சொல்லிக்கொண்டே துளை போடுகிற மெஷினைக் கையில் எடுத்தார். நான் மெஷினுக்கும் வண்டிக்கும் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"புது வண்டில ஓட்டையா பாய்?"

"ஓட்டை போடாம எப்புடி தம்பி நிக்கும்?"

"மொத லோடு போறதுக்கு முன்னாடி வண்டில ஓட்டை போடக் கூடாது." (எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த நிமிஷம் நான்தான் எழுதினேன்.)

பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெஷினைக் கீழே வைத்தார். "சரி, ஒங்க வண்டி. ஆனா பின் கதவ மட்டும் எப்பவும் சாத்தி வைங்க. தொறந்துபோட்டுக்கிட்டு ஓட்டாதீங்க." சரி பாய் என்றேன். நோட்டில் மற்ற எல்லாவற்றையும் எழுதியவன் இதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

அந்த வண்டியின் முதல் லோடு நெல் இல்லை, சீர். என் அக்கா கலாவைத் திருத்துறைப்பூண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. ஆவணியில் காது குத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், குத்திய காதில் போடும் தோடும் மாமன் வீட்டுச் சீரில்தான் வர வேண்டும். அக்காவுக்குத் தம்பி என்று நான் ஒருத்தன்தான். ஆகவே மடியும் என்னுடையது, சீரும் என்னுடையது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. யாழினிக்குப் பேர் வைத்த அன்று நான் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு போய் இறங்கினேன். (சீர் எல்லாம் பிறகு ஒரு நாள் செய்வது என்று நினைத்துவிட்டேன். சொல்லிக்கொடுக்க வேண்டிய பெரியவர்கள் எல்லோரும் ஒருத்தர் சொல்லியிருப்பார் என்று இன்னொருத்தர் இருந்துவிட்டார்கள்.) அக்காவின் மாமியார் என்னை வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "தாய்மாமன் கைய வீசிக்கிட்டு வந்துட்டாரு" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் மூன்று வருஷமாக அந்த வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்து உட்கார்ந்தது.

காது குத்துக்கு நாள் பார்த்ததும் அக்கா போன் பண்ணினாள்.

"டேய், மூணு வருஷமா அந்த ஒரு வார்த்தையத் தின்னுக்கிட்டு இருக்கேன்டா. இந்தத் தடவையாச்சும் எம் மானத்தக் காப்பாத்து" என்றாள். பிறகு போனில் அழுகிற சத்தம் கேட்டது. என் அக்கா லேசில் அழுகிறவள் இல்லை. எனக்கு நிஜமாகவே வலித்தது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், சீரைப் பார்த்து அந்த ஊரே வாயடைத்து நிற்க வேண்டும் என்று. (நின்றது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

விசேஷத்தன்று காலையில் இருபத்தொரு தட்டு அடுக்கினோம். பழம், பாதாம் அல்வா, பட்டுப்பாவாடை, வளையல், கல்கண்டு என்று ஒவ்வொன்றையும் சுமதி கலர் கண்ணாடித்தாள் போட்டுச் சுற்றியிருந்தாள். நடுவில் ஒரு வாழைத்தார். வழுவழு லைனரில் எல்லாம் ஜோராக உட்கார்ந்தன. நான் பின் கதவைத் திறந்து கீழே தொங்கவிட்டேன்.

"அந்த பாய் கதவத் தொறக்கக் கூடாதுன்னாருன்னு சொன்னீங்களே" என்றாள் சுமதி.

"அது மீனுக்கு. இது சீரு. போற வழில நாலு பேரு பாக்க வேணாமா?"

"அப்ப யாராச்சும் ஒருத்தர் பின்னாடி உக்காந்துக்கிட்டும்."

"கால்ல மண்ணு இருக்கும். லைனர்ல ஒட்டும்."

அவள் பெருமூச்சு விட்டாள். "தோட்டயாச்சும் நான் கைப்பையில வச்சுக்கிறேனே."

"சீர்த் தட்டுல தோடு இல்லன்னா அது என்ன சீரு?"

அவள் மறுபேச்சுப் பேசாமல் தோட்டுக்கான வெள்ளிச் சிமிழை முதல் தட்டில் வைத்துக் கண்ணாடித்தாளைச் சுற்றினாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் சுமதி மறுபேச்சுப் பேசாமல் இருந்ததே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சொந்தக்காரர்களோடு அவள் வேனில் ஏறி அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிட்டாள். பத்தரைக்குள் காது குத்தியாக வேண்டும்.

நான் தனியாக, பட்டு வேட்டியில், மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன். சீர் வண்டி என்றால் அப்படித்தான் போக வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நானும் கண்ணாடியில் அவர்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே போனேன். அக்கா ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது சாலை வாய்க்கால் கரை மேல் ஏறும். ஒரு வண்டி போகலாம், இரண்டு வண்டிக்கு இடமில்லை. குறுவை அறுவடை நேரம். எதிரே அறுவடை மெஷின் ஒன்று, சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு வந்தது. மெஷின் டிரைவர் கையை ஆட்டி, பின்னால் போ என்றார்.

பின்னால் மாடு குளிப்பாட்ட இறங்குகிற சரிவு ஒன்று இருந்தது, வாய்க்காலுக்குள் இறங்கும். வண்டியை ரிவர்ஸில் அதற்குள் விட்டேன். முன்பக்கம் மேலே, பின்பக்கம் தண்ணீரை ஒட்டி. அறுவடை மெஷின் காது கிழிய உறுமிக்கொண்டு என் மூக்கை உரசுகிற மாதிரி கடந்தது. அந்த இரண்டு நிமிஷமும் நான் முன் பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று. பின்னால் பார்க்கவில்லை.

மெஷின் போனதும் முதல் கியர் போட்டேன். வண்டி பூ மாதிரி ஏறியது. ஏறும்போது திணறும் என்று நினைத்திருந்தேன், கொஞ்சம்கூடத் திணறவில்லை. "ராஜாடா நீ" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தேன்.

வாய்க்கால் நேராக அக்கா ஊருக்குப் போகும். சாலை மட்டும் பாலத்தைத் தாண்டி, ரைஸ்மில்லைச் சுற்றி, பிள்ளையார் கோயில் வழியாகப் போகும். கோயில் வாசலில் நிறுத்திச் சூடம் ஏற்றி ஒரு சிதறு தேங்காய் போட்டேன். அங்கே நின்ற நாலைந்து பேர் என் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வாயடைத்துவிட்டார்கள் பார் என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. ஒருவர் மட்டும் கிட்டே வந்தார்.

"காது குத்து வீட்டுக்குங்களா? சீர் வண்டி பின்னாடி வருதுங்களா?"

"இதாங்க சீர் வண்டி" என்றேன் மிடுக்காக.

அவர் தொட்டியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். "சரிங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

அக்கா வீட்டு வாசலில் நாதஸ்வரமும் தவிலும் என்னைப் பார்த்ததும் எடுத்துக் கட்டின. பந்தலில் நூறு பேராவது இருப்பார்கள். அக்கா முன்னால் நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் அவள் மாமியார், ஆரத்தித் தட்டோடு. நான் இறங்கி, துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, "எடுத்துக்கங்க" என்றேன்.

யாரும் நகரவில்லை. நாதஸ்வரம் இழுத்துக்கொண்டே போய் நடுவில் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். தட்டு இல்லை, தார் இல்லை, லைனரே இல்லை. தொட்டி வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

அக்காவின் மாமியார் ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். "அன்னைக்குக் கைய வீசிக்கிட்டு வந்தீங்க. இன்னைக்கு வண்டிய வீசிக்கிட்டு வந்திருக்கீங்க. முன்னேற்றந்தான் தம்பி" என்றார்.

அக்கா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.  என்னைப் பார்த்து ஊரே சிரிக்கட்டும், எனக்குப் பழக்கம். அவள் இன்னும் எத்தனை வருஷம் இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

அந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் படித்துறையிலிருந்து, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் ஈரச் சேலையோடு ஓடிவந்தார். "வாய்க்கால்ல ஒரு விசேஷமே மெதந்து வருது, வந்து பாருங்க" என்றார்.

எல்லோருக்கும் முன்னால் நான் ஓடினேன். வாய்க்காலின் நடுவில் என் லைனர் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்துகொண்டிருந்தது. நாலு பக்கமும் ஒரு அடி உயரம், ஒரு சொட்டு இறங்காது என்று பாய் சொன்னது எவ்வளவு உண்மை. கலர் கண்ணாடித்தாள் எல்லாம் வெயிலில் பளபளத்தது. நடுவில் வாழைத்தார் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. நாலைந்து சாத்துக்குடி மட்டும் தனியாகத் தண்ணீரில் பின்னாலேயே வந்தன. லைனரைப் படித்துறைக்கு முன்னாலேயே பிடித்துவிட வேண்டும் என்று கரையிலிருந்து ஒரே தாவாகத் தாவினேன். ஆழம் இருக்கும் என்று நினைத்துத் தாவினேன். முழங்கால் அளவு தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் அளவு சேறு. நட்ட கம்பமாக நின்றுவிட்டேன். லைனர் என் பக்கத்தில் வந்தது. விளிம்பைப் பிடித்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்தேன், மறுபடி வழுக்கியது. அதைப் பிடிக்கிற அவசரத்தில் இடுப்பை விட்டுவிட்டேன். என் பட்டு வேட்டி எனக்கு முன்னால் சீரோடு போய்ச் சேர்ந்தது. (உள்ளே டவுசர் போட்டிருந்தேன். காக்கி. அதன் நிறம் வரைக்கும் இன்றும் அந்த ஊரில் கேட்டால் சொல்வார்கள்.)

லைனர் தானாகவே போய்ப் படித்துறையில் முட்டி நின்றது. மேளக்காரர்களும் கூட்டத்தோடு வந்திருந்தார்கள். சீர் கண்ணில் பட்டால் வாசிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு வழக்கம், அது எதில் வந்தால் என்ன? கெட்டிமேளம் கொட்டினார்கள். பெண்கள் படியில் வரிசையாக நின்று தட்டுகளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். இருபது தட்டு வந்தது. சாத்துக்குடித் தட்டு போனது போனதுதான். முதல் தட்டில் கண்ணாடித்தாள் கிழிந்திருந்தது, சிமிழைக் காணோம்.

"தோடு எங்கடா?" என்றாள் அக்கா.

 பத்தரைக்கு இன்னும் இருபது நிமிஷம். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ள ஆரம்பித்தேன். ஒரு பழைய செருப்பு வந்தது, ஒரு நத்தை வந்தது, பாதி பானை வந்தது. "பிள்ளையாரப்பா, தோடு கெடைக்கட்டும், நாலு ஓட்டையில்ல, நாப்பது ஓட்டை போட்டுக்கிறேன்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். தலை முதல் கால் வரை சேறு. சுமதி படித்துறையின் கடைசிப் படியில் கைப்பையை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, போதும், மேல வாங்க. தோடு எங்கிட்டதான் இருக்கு."

"எப்ப எடுத்த?"

"பின் கதவச் சாத்த மாட்டேன்னு அடம் புடிச்சீங்கள்ல, அப்பவே. தட்டுல வச்சது காலிச் சிமிழு."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"கொஞ்ச நேரம் சேத்துல நிக்கட்டும்னுதான் விட்டேன்" என்றாள்.

அக்காதான் முதலில் சிரித்தாள். சின்னதாக ஆரம்பித்து, படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் மாமியார் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மாமியாரும் மருமகளும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து சிரித்ததை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் பார்த்தார்களாம்.

கதை அதோடு முடியவில்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அத்தானின் பழைய வேட்டியைக் கட்டி என்னை மணையில் உட்கார வைத்தார்கள். டவுசரை மாற்ற நேரமில்லை. யாழினியைத் தூக்கி மடியில் வைத்ததும் அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"மாமா ஈரம். மாமா நாறுது" என்றாள். மறுபடி வைத்தார்கள். மறுபடி வழுக்கி இறங்கினாள். பத்தரைக்கு மூன்று நிமிஷம். மாமன் மடி இல்லாமல் காது குத்துவது வழக்கமில்லை. மாமன் மடியில் குழந்தை நிற்கவில்லை.

சுமதி உள்ளே போனாள். நெல் பிடிக்க வாங்கி வைத்திருந்த புதுச் சாக்கு ஒன்றை எடுத்து வந்து நாலாக மடித்தாள். என் மடியில் விரித்து, அதன் மேல் ஒரு பட்டுத் துண்டைப் போட்டாள். யாழினியை உட்காரவைத்தாள். குழந்தை அசையவில்லை.

"இது நழுவாது" என்றாள் சுமதி, என் முகத்தைப் பார்த்து.

யாழினி அழுததைவிட நான் அன்றைக்கு அதிகமாக அழுதேன். சிமிழ் போன துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறு வாரமே ஜமால் பாய் கடையில் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பிறகு மெஷினை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தம்பி, வண்டியையும் யாராச்சும் மடில வச்சுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே நாலு ஓட்டையும் போட்டு முடித்தார்.

அக்காவின் மாமியார் அதற்குப் பிறகு கையை வீசிய கதையைச் சொல்வதே இல்லை. இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும், "எங்க சம்பந்தி வூட்டுச் சீரு தண்ணியிலயே வந்துச்சுல்ல" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் கணக்கில் தட்டு இப்போது ஐம்பத்தொன்று. நான் திருத்துவதில்லை. அக்கா முகத்தில் அப்போது ஒரு பெருமை வருகிறது, அது எனக்குப் போதும்.

போன மாதம் இரண்டாவதாக ஒரு பிக்கப் வாங்கினேன். யாழினிக்கு இப்போது பதினோரு வயது. வண்டி போட்டோவைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாயங்காலமே போன் பண்ணினாள்.

"மாமா, புது வண்டிக்குக் காது குத்தியாச்சா?"

"இன்னும் இல்லடா."

"அப்ப ஒண்ணும் அவசரமில்ல மாமா. கெளம்பும்போது மட்டும் சொல்லுங்க, நாங்க படித்துறைல வந்து நிக்கிறோம்."